டைகருக்கு சென்ட் வேண்டாம்... என் பழைய வேட்டி போதும்!

எங்கள் வீட்டு டைகருக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. ஆனாலும் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே கட்டிலுக்கடியில் குடியேறிவிடுவான்.

பேர்தான் டைகர். கூரியர்க்காரரைப் பார்த்தால் கேட்டையே பெயர்த்து எடுக்கிற மாதிரி குரைப்பான். அதே ஆள், தெருமுனையில் ஒரு பொடியன் ஒரே ஒரு பிஜிலி வெடியைக் கொளுத்திவிட்டால் போதும்... வால் காலிடுக்கில், உடம்பு கட்டிலடியில், மூக்கின் நுனி மட்டும் வெளியே. அவன் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே ஆடும். கறிச்சோறு வைத்தாலும் வரமாட்டான். நானும் வெடிக்குப் பயந்த ஆசாமிதான் என்பதால், 'வளர்த்தவங்க குணம்தானே வரும்' என்று என் மனைவி இரண்டு பேரையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவாள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நாய் வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தீபாவளியோடு தீருகிற சமாச்சாரமில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் சரவெடி. கட்சிக்காரர் ஜெயித்தால் சரவெடி. யாராவது காலமானால் சாவு ஊர்வலத்திலும் வெடி. இது போதாதென்று ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சாயங்காலமானால் மேற்கே கறுத்துக்கொண்டு வரும். நகரத்துக்குள்ளே இருப்பவர்களுக்கு முன்னாலேயே எங்களுக்கு இடி டெலிவரி ஆகிவிடும்!

அப்படி ஒரு இடி நாளில்தான் பூந்தமல்லியிலிருந்து என் மச்சினன் வந்தான், கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு.

"அத்தான், இந்தக் காலத்துல போய் நாயைக் கட்டிலுக்கடியில விட்டு வெச்சிருக்கீங்களே... அரோமாதெரபி தெரியுமா? வாசனை வைத்தியம்! மூக்கு வழியா நேரா மூளைக்குப் போகும். அரை மணியில ஆள் சாந்தமாயிடுவான்."

சொந்த ஊருக்கு 'பூவிருந்தவல்லி' என்று பேர் வைத்துக்கொண்டவர்கள் வாசனையைப் பற்றிப் பேசினால் நாம் என்ன எதிர்த்துச் சொல்ல முடியும்? திருக்கச்சி நம்பி பிறந்து நந்தவனம் போட்ட ஊராயிற்றே!

பெட்டிக்குள்ளே சொம்பு சைஸில் ஒரு மெஷின். தண்ணீர் ஊற்றி நாலு சொட்டு எண்ணெய் விட்டு ஸ்விட்சைப் போட்டால், 'புஸ்'ஸென்று பனிப்புகை மாதிரி வருகிறது. கூடவே சுண்டுவிரல் உயரத்தில் நாலு பாட்டில்: லாவண்டர், பெப்பர்மின்ட், யூகலிப்டஸ், டீ ட்ரீ. பாட்டில் மேலே கொட்டை எழுத்தில் 'நூறு சதவீதம் இயற்கை'.

ஹாலில் கதவை மூடி, ஜன்னலை மூடி, மெஷினைப் போட்டோம். ஐந்து நிமிஷத்தில் டைகர் தும்ம ஆரம்பித்தான். பத்தாவது நிமிஷம் கதவைப் பிறாண்டினான். "எஃபெக்ட் ஆரம்பிச்சிருச்சு" என்றான் மச்சினன். எனக்கென்னவோ அவன் வெளியே போக வழி கேட்கிறான் என்று தோன்றியது. கதவைத் திறந்தேன். நேராக மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

எதிர்வீட்டு அக்கா ஒரு பூனை வளர்க்கிறார். பேர் மீனு. வெடிச் சத்தத்தில் அதுவும் இரண்டு நாளாகப் பரண் மேலேயே கிடந்தது. போதாக்குறைக்குக் கழுத்தில் உண்ணி. அக்கா வந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டீ ட்ரீ பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.

"தம்பி, இது நம்ம தைலம் மாதிரில்ல இருக்கு? பூச்சியும் போகும், வாசனைக்கு மனசும் அடங்கும். கொஞ்சம் எடுத்துக்கறேன்."

நானும் தாராளமாகக் கொடுத்தேன். எனக்கென்ன தெரியும்!

மத்தியானம் மீனுவின் கழுத்திலும் முதுகிலும் அக்கா அதைத் தேய்த்துவிட்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் கேட்டில் தடதடவென்று சத்தம். மீனு வாயிலிருந்து எச்சிலாக ஒழுகுகிறது. எழுந்து நின்றால் பின்னங்கால் இரண்டும் குடித்தவன் கால் மாதிரி பின்னுகிறது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருக்கிறது. அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. "நல்லதுன்னுதானே தம்பி செஞ்சேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

ஆட்டோ பிடித்து, துண்டில் சுற்றி, கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். டாக்டரம்மா பூனையை மேஜையில் வைத்ததுமே மூக்கைச் சுளித்தார்.

"என்ன தடவினீங்க?"

சொன்னோம்.

"எத்தனை சொட்டு? தண்ணி கலந்தா, கலக்காமலா?"

"கலக்காம... ஒரு அரை ஸ்பூன் இருக்கும்மா."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசாமல் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவத்தால் மீனுவை இரண்டு தடவை அலசினார். துடைத்து, போர்த்தி, சலைன் ஏற்றினார். அன்று ராத்திரி முழுக்க அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள்தான் மீனு நேராக நடந்தது.

அந்த மூன்று நாளில் டாக்டரம்மாவிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை, என்னைப் போலத் தாராள மனசுக்காரர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதல் விஷயம் ஈரல். இந்த எண்ணெய்களில் இருக்கிற பல ரசாயனங்களை உடைத்து வெளியே தள்ள நம் ஈரலில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. நாய்க்கும் ஓரளவுக்கு உண்டு. பூனைக்கு அந்த ஏற்பாட்டில் முக்கியமான ஒரு பகுதி பிறவியிலேயே வேலை செய்யாது. புலி, சிங்கம் என்று மொத்தக் குடும்பத்துக்கும் அதே கதை. நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்கிற பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடக்கூடும் என்பார்களே, அதற்கும் இதே காரணம்தான். உள்ளே போனது வெளியே போக முடியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

"நாங்க வாயில ஊத்தலையேம்மா, மேலேதானே தடவினோம்?" என்று அக்கா கேட்டார்.

"பூனை நாள் முழுக்க என்ன செய்யும்க்கா? நக்கிக்கிட்டே இருக்கும். தோல் வழியா பாதி, நாக்கு வழியா பாதி. உங்க மெஷின் விடற புகையும் அப்படித்தான். அது வெறும் வாசனை இல்ல, பொடிப்பொடியா எண்ணெய்த் துளி. மெதுவா வந்து ரோமத்துல உட்காரும். அதையும் நக்கும்."

அப்புறம் 'இயற்கை' என்ற வார்த்தை. ஒரு லிட்டர் ரோஜா எண்ணெய் எடுக்க டன் கணக்கில் பூ வேண்டும். பூ இயற்கைதான், ஒப்புக்கொள்கிறேன். டன் கணக்கான பூவைச் சுண்டக் காய்ச்சிச் சுண்டுவிரல் பாட்டிலில் அடைத்தது எந்தக் காட்டில் இயற்கையாக இருக்கிறது? எட்டிக்காய்கூடத்தான் இயற்கை!

டீ ட்ரீ எண்ணெயில் மாட்டிக்கொண்டது எங்கள் தெரு மட்டுமில்லை. அமெரிக்காவில் பிராணிகளுக்கான விஷமுறிவு ஆலோசனை மையம் ஒன்று இருக்கிறது. 2002 முதல் 2012 வரை அங்கே வந்த கேஸ்களில், கலப்படமில்லாத டீ ட்ரீ எண்ணெய் பட்ட 443 நாய், பூனைகளின் விவரத்தை 2014-ல் அந்நாட்டு கால்நடை மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். எச்சில், தள்ளாட்டம், நடுக்கம், சோர்வு என்று அப்படியே மீனுவின் லட்சணம்தான். தடவிய இரண்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து மூன்று நாள்வரை நீடித்திருக்கிறது. அதில் என்னை உலுக்கிய விவரம் வேறு. அந்த 443-ல் 89 சதவீதம் விபத்து கிடையாது. பாட்டில் கவிழவில்லை, பிராணி திருடிக் குடிக்கவில்லை. வீட்டுக்காரர்களே நல்லது என்று நினைத்துப் பூசியது!

அப்படியானால் வாசனை வைத்தியமே புருடாவா? அதுவும் இல்லை. 'அரோமாதெரபி' என்ற பேரை 1937-ல் தன் புத்தகத்துக்குச் சூட்டியவர் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு ரசாயனக்காரர். அவர் யோசித்ததெல்லாம் மனுஷனைப் பற்றித்தான். நாய்களை வைத்து ஒழுங்காகப் பரிசோதித்தவர்கள் அயர்லாந்துத் தீவின் வடக்கே பெல்ஃபாஸ்ட் ராணி பல்கலைக்கழகத்தில் டெபோரா வெல்ஸ் என்ற பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும். 2005-ல் அநாதை நாய்கள் காப்பகம் ஒன்றில் 55 நாய்கள். தினம் நாலு மணி நேரம், ஒவ்வொரு வாசனைக்கும் ஐந்து நாள். லாவண்டர், சாமந்தி இனத்து கேமமைல் வாசனை வந்தபோது நாய்கள் அதிகமாகப் படுத்து ஓய்வெடுத்தன, குரைப்பும் குறைந்தது. பெப்பர்மின்ட், ரோஸ்மேரி வந்தபோது நேர்மாறு: எழுந்து நடந்தன, கூடுதலாகக் குரைத்தன. (மச்சினன் பெட்டியில் பெப்பர்மின்ட்டும் இருந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்!) மறு வருஷம், காரில் ஏறினாலே ஆர்ப்பாட்டம் பண்ணுகிற 32 நாய்களை லாவண்டர் வாசனையோடு ஓட்டிப் பார்த்தார் வெல்ஸ். கொஞ்சம் அடங்கி உட்கார்ந்தன.

ஆகவே லாவண்டரில் ஏதோ இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அது காப்பகத்துச் சலசலப்பு, கார் சவாரி. பத்தாயிரம் வாலாவுக்கு நடுவே சோதித்ததில்லை. அங்கே காற்றில் இருந்ததும் வாசனைதான், நாயின் முதுகில் எண்ணெய் இல்லை.

"செஞ்சே தீருவேன்னா எப்படிம்மா செய்யறது?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா முதலில் வேண்டாதவர்கள் பட்டியலைச் சொன்னார். வீட்டில் பூனை இருந்தால் வேண்டாம். கூண்டில் லவ் பேர்ட்ஸ், கிளி இருந்தால் வேண்டவே வேண்டாம். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடப் பல மடங்கு நாசூக்கு. குட்டிகள், சினையான நாய், வலிப்பு வருகிற நாய், இரைக்கிற நாய், மூக்குச் சப்பையான பக் மாதிரி ஜாதிகள், இவர்களுக்கும் வேண்டாம். மிச்சமிருக்கிற ஆரோக்கியமான பெரிய நாய் என்றால், ஒரு கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு லாவண்டர். அதை நாய் படுக்கையில் போடக்கூடாது, அறையின் ஒரு மூலையில், வாய்க்கு எட்டாத உயரத்தில். கதவு திறந்திருக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிஷம், அவ்வளவுதான். தும்மினாலோ, உதட்டை நக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பினாலோ, எழுந்து போனாலோ, எடுத்துவிட வேண்டும்.

"பிடிக்கலைன்னு அது சொல்லும் சார். நமக்கு ஆறேழு லட்சம்னு வெச்சுக்காதீங்க, நம்ம மூக்குல வாசனை பிடிக்கற செல் ஐம்பது அறுபது லட்சம். நாய்க்கு இருபது கோடிக்கு மேல. உங்களுக்கு 'லேசா வருது'ன்னா, அதுக்கு ஹால் முழுக்க சென்ட் பேக்டரி!"

டைகர் கதவைப் பிறாண்டியது ஞாபகம் வந்தது. சங்கடமாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னார், இதை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. வெடி வெடிக்கிற அன்றைக்கு மட்டும் பாட்டிலைத் திறந்தால் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? 'ஓஹோ, இந்த வாசனை வந்தால் பின்னாலேயே டமார் வரப்போகிறது' என்று! மணியடித்தால் பரீட்சை என்பது மாதிரி. அதனால் இரண்டு மூன்று வாரம் முன்பே, அது வயிறு நிறைந்து சுகமாகப் படுத்திருக்கிற மத்தியான வேளையில் பழக்க வேண்டும். அப்போதுதான் அந்த வாசனைக்கு 'தூக்கம்' என்று அர்த்தம் ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் நானும் மனைவியும் அலமாரியை ஒரு ரெய்டு விட்டோம். லாவண்டரை விடுங்கள், நம் வீடுகளில் பரம்பரையாக இருக்கிற அரோமாதெரபி எவ்வளவு! ஊட்டிக்குப் போனவர்கள் எல்லோரும் வாங்கி வருகிற நீலகிரித் தைலம். தலைவலித் தைலம், மூட்டுவலித் தைலம். இதில் சிலவற்றில் இருக்கிற விண்டர்க்ரீன் எண்ணெய் ஆஸ்பிரின் ஜாதி, நாய் நக்கினாலும் ஆபத்து. பூஜை அலமாரியில் கற்பூரம், முழுங்கினால் வலிப்பே வரலாம். துணிக்கு நடுவே ரசக்கற்பூர உருண்டை. பாத்ரூமில் பினாயில், பூனை அதன் மேல் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கதவை மூடிக்கொண்டு பிராணியை உள்ளே விட்டுவைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, அதை வெளியே அனுப்பிவிட்டுப் போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. நாய்க்கென்று விற்கிற உண்ணி மருந்தையும் பூனைக்குப் போடக்கூடாது. அதில் பெர்மெத்ரின் இருந்தால் டீ ட்ரீயைவிட மோசம்.

ஒருவேளை எண்ணெய் பட்டுவிட்டால் மீனுவுக்குச் செய்ததுதான் முதலுதவி. பாத்திரம் தேய்க்கிற திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், நன்றாக அலசித் துடைத்து, குளிர் படாமல் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியது. வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். பால், மோர் என்று எதையும் ஊற்றவும் வேண்டாம். பாட்டிலை மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள். ராத்திரியானால் எங்கே போவது என்று பயம் வந்த பிறகு தேடாதீர்கள். வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி மேற்குப் புறநகர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தூரம்தான். உங்கள் பக்கத்தில் ராத்திரி பார்க்கிறவர் யார் என்று இன்றைக்கே விசாரித்து நம்பரை எழுதிவைத்துவிடுங்கள்.

சரி, டைகர் விஷயத்துக்கு வருவோம். கிளம்பும்போது டாக்டரம்மா கேட்டார்: "சார், உங்க வீட்டுல நாய்க்கு ரொம்பப் பிடிச்ச ஆள் யாரு?"

கொஞ்சம் பெருமையாக நெஞ்சைத் தொட்டுக்கொண்டேன்.

"அப்ப உங்க வேட்டிதான் அரோமாதெரபி. ரெண்டு மூணு நாள் கட்டினது, துவைக்காதது. அதைப் போட்டு வைங்க."

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இல்லை! அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் என்பவர், மயக்க மருந்து கொடுக்காமல், ஸ்கேன் மெஷினுக்குள் அசையாமல் படுக்கப் பன்னிரண்டு நாய்களைப் பழக்கினார். தெரிந்த மனுஷர், தெரியாத மனுஷர், தெரிந்த நாய், தெரியாத நாய், அப்புறம் அதனுடைய சொந்த வாசனை என்று ஐந்தையும் மாற்றி மாற்றி மூக்கில் காட்டினார். மூளையில் 'நல்லது வரப்போகிறது' என்று சந்தோஷப்படுகிற பகுதி அதிகமாகத் துள்ளியது தெரிந்த மனுஷரின் வாசனைக்குத்தான். அந்த மனுஷர் பக்கத்தில்கூட இல்லை! 2015-ல் வெளியான ஆராய்ச்சி இது. பூனைக்கும் இதே கதைதான், ஆனால் அதற்குப் பிடித்த வாசனை அதனுடையதேதான் (பூனையாயிற்றே!). நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து விட்டுப்போகிறதே, அது 'இது என் இடம், பயமில்லை' என்று எழுதிவைக்கிற கையெழுத்து. பூனை படுத்த துணியைத் துவைக்காமல் அது ஒளிகிற மூலையில் வைத்தால் போதும். தாய் நாய் குட்டி போட்ட சில நாளில் மடிப் பக்கம் சுரக்கிற ஒரு சமிக்ஞைப் பொருளைப் பார்த்து, பாட்ரிக் பஜா என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் செயற்கையாகச் செய்த சரக்கும் விற்பனைக்கு உண்டு. நமக்கு வாசனையே தெரியாது, விலை தெரியும்.

நானும் மூன்று நாள் ஒரே வேட்டியைக் கட்டினேன். மனைவி என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்று பேசினாள்.

தீபாவளியன்று ஏற்பாடு இப்படி: தமிழ்நாட்டில் 2018-லிருந்து காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 என்றுதான் வெடிக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். ஆகவே விடியற்காலை ஐந்துக்கே டைகருக்கு வாக்கிங் முடிந்தது, கழுத்துப்பட்டையில் என் போன் நம்பரோடு. பயத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைகிற நாய்கள் தீபாவளிக்குத்தான் அதிகம். உள் ரூமில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஐந்தில் வைத்து, டி.வி.யை சத்தமாக ஓடவிட்டோம். கட்டிலடியிலிருந்து அவனை இழுக்கவில்லை. அதுதான் அவன் கோட்டை. வேட்டியை மட்டும் உள்ளே தள்ளினேன். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்தேன். தடவினால் பயம் ஏறிவிடும் என்பது பழைய கதையாம், தாராளமாகத் தடவலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதற்கும் அடங்காத நாய்களுக்கு அவரே மருந்து எழுதித் தருவாராம், ஆனால் நாலு நாள் முன்பே ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். நாம் போடுகிற தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

டைகர் நடுங்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நடுங்கினான். ஆனால் கட்டில் ஆடவில்லை. எட்டு மணி தாண்டியும் எங்கள் தெரு சட்டத்தை மதிக்கவில்லை. ஒன்பதரைக்கு வேட்டியை இழுத்துத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டான். பத்தரைக்கு வெளியே வந்து சோறு தின்றான். தீபாவளி ராத்திரி அவன் சோறு தின்றது ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டில் மீனு தன் பழைய போர்வையோடு பரணில் பத்திரம் என்று அக்கா ஜன்னல் வழியாகச் சொன்னார். கையில் பாட்டில் எதுவும் இல்லை, பார்த்துக்கொண்டேன்.

மச்சினனின் மெஷின் பரண் மேல் இருக்கிறது. இந்த வருஷம் துணிக்கடையில் என் மனைவி எனக்கு இரண்டு வேட்டி எடுத்திருக்கிறாள். ஒன்று எனக்கு. இன்னொன்றையும் நான்தான் கட்டவேண்டுமாம், துவைக்க மட்டும் போடக்கூடாதாம்!